அண்ணன் கொடுத்த பின் ஆக்ஸில்

சாக்பீஸ் கோடுகள் இரண்டும் ஒரே இடத்துக்குத் திரும்பி வரவில்லை. முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டில் போட்ட கோடு பல சுற்று சுற்றிவிட்டு மேலே வந்து நின்றது. பின் ஷாஃப்டில் போட்ட கோடு தரையைப் பார்த்து நின்றது. ஈர மண்ணில் ஒருக்களித்துப் படுத்து வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த வண்டியின் முன் பாதியும் பின் பாதியும் சேர்ந்து பிறந்தவை அல்ல.

"இன்னும் தள்ளணுமா?" என்று பின்னாலிருந்து முனுசாமி மாமா கேட்டார்.

"வேணாம் மாமா, நிறுத்துங்க."

"நான் நிறுத்திட்டா அது ஓடிடுமா?"

கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. அன்று பிற்பகல் நாந்தியிலிருந்து கிளம்பும் விமானத்தில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏறியாக வேண்டும். நியூசிலாந்துக்குள் நுழைய விசாவில் போட்டிருந்த கடைசித் தேதி அதுதான். அந்த விமானத்தை விட்டால் விசா வெறும் காகிதம். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த அந்த மழைக்காலத்தில் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொல்ல வேண்டிய கதைதான் இது. ஆனால் எங்கள் பட்டறையில் யாரும் ஓய்வு பெறும்வரை இருக்கவில்லை. கை தேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். தொழில்நுட்பக் கல்லூரியை முடித்துவிட்டு வந்து, எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த என்னைத் தனியாக அனுப்பியதற்கு அது ஒன்றுதான் காரணம். இப்போது நானும் நகாசியில் வேறு வேலைக்குப் போகிறேன். போவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது.

முனுசாமி மாமாவின் வீடு ட்ராசா ஊருக்குப் பின்னால், கரும்புத் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் இருந்தது. வண்டி ஒரு பழைய டீசல் ஃபோர் வீல், பின்னால் திறந்த பெட்டி. சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தேவைப்பட்டால் இறங்கி முன் சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்பைக் கையால் திருகிப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து கியருக்குப் பக்கத்திலுள்ள சின்னத் தண்டைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். உங்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான்.

முந்தின நாள் மதியம் நான் போனபோது மாமா சொன்ன புகார் இது: "நாலு போட்டா வண்டி தன்னைத்தானே புடிச்சிக்குது. யாரோ பின்னால கயிறு கட்டி இழுக்கிறாப்பல. அப்புறம் தண்டு திரும்பி வரவே மாட்டேங்குது."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"ஒருத்தன் கிளச் தட்டு மாத்தினான். இன்னொருத்தன் ட்ரான்ஸ்ஃபர் கேசைத் தொறந்து பாத்துட்டு, கிழட்டு வண்டி, வித்துடுன்னான். நீ இன்னா சொல்லப் போற?"

நானும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பைப் பிரித்து அனுப்பும் அந்த ட்ரான்ஸ்ஃபர் கேசைத்தான் திறந்தேன். உள்ளே பல் எதுவும் தேயவில்லை, ஃபோர்க் வளையவில்லை, எண்ணெய் சுத்தம். டயர்கள் அளவு மாறியிருந்தாலும் வண்டி இப்படித்தான் பிடித்துக்கொள்ளும் என்று, நாலு டயரையும் கயிறு சுற்றி அளந்தேன். நாலும் ஒன்றுபோல் இருந்தன. அதற்குள் இருட்டிவிட்டது. சாலையில் ஊரடங்குச் சோதனை இருக்கும், இங்கேயே படு என்றார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கீழ்ச் சாலையின் பாலத்துக்கு மேல் ஆறு ஓடுகிறது. பட்டறை வேன் அவர்கள் வாசலில் நிற்கிறது. பழைய வண்டியை ஆற அமரச் சரி செய்யலாம் என்று வந்தவன், அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து மாட்டிக்கொண்டேன்.

மீதி இருந்த வழி ஒன்றே ஒன்று. மேட்டைத் தாண்டிப் போகும் மண்தடம். அது இந்த மண்ணின் பூர்வகுடிக்காரனும் மாமாவின் பழைய நண்பனுமான செமியின் கிராமத்து நிலம். மாமா குத்தகைக்கு உழும் நிலமும் செமியின் குலத்தாருடையதுதான். ஆட்சி கவிழ்ந்த மாதங்களில் அவர்களில் சிலர் நம்மவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். செமி எப்போதும்போல் காலைத் தேநீருக்கு வந்து உட்கார்ந்தான். அன்று பொழுது விடியும்போதே மாமா கொடுத்தனுப்பிய யங்கோனா வேர்க்கட்டை, இடித்துக் கரைத்துக் குடிக்கும் அந்த மரியாதைப் பொருளை, தன் ஊர்ப் பெரியவர் முன் வைத்து, வழி கேட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"மேடு பூரா சேறு," என்றான் செமி. நம் தீவு ஹிந்தியில்தான் பேசுவான், நான் தமிழில் எழுதுகிறேன். "இறங்கினதும் ஓடை. ஓடையில கான்கிரீட் தளம் கீது, அதுமேல தண்ணி முழங்கால் வரை. அந்தப் பக்கம் பாறை ஏத்தம். அதைத் தாண்டினா தார் ரோடு. மலையில மழை இன்னும் விடல, தவாலே. உச்சிவேளைக்கு மேல எந்த வண்டியும் தாண்டாது."

அவர்கள் மொழியில் தவாலே என்றால் மச்சான். மாமாவைப் பேர் சொல்லி அவன் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகுதான் சாக்பீஸ் எடுத்தேன். டயரில் ஒரு கோடு, முன் ஷாஃப்டில் ஒரு கோடு, பின் ஷாஃப்டில் ஒரு கோடு. கியரை நடுவிலும் சின்னத் தண்டை ரெண்டிலும் விட்டு, முன் ஹப்புகளைப் பூட்டி, டயரின் கோடு மறுபடி தரைக்கு வரும்வரை வண்டியை மெதுவாகத் தள்ளச் சொன்னேன். இரண்டு ஆக்ஸிலுக்கும் உள்ளே பல்கணக்கு ஒன்றாக இருந்தால் இரண்டு ஷாஃப்டும் ஒரே அளவு சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "மாமா, பின் ஆக்ஸில் இந்த வண்டியோடது இல்ல."

"இன்னா பேசற நீ? என் வண்டி எனக்குத் தெரியாதா?"

"நேத்தே கேட்டேனே, வண்டியில இன்னா மாத்தினீங்கன்னு."

"ஒண்ணும் மாத்தலன்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வாசற்படியில், கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கமலா மாமி தலையைத் தூக்கினாள். லவுடோக்கா ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். அந்த வேலைக்குத்தான் விசா கிடைத்திருந்தது.

"பெரியவரு வூட்டு ஆக்ஸில சொல்றான்," என்றாள்.

"அது மாத்தினது இல்ல," என்றார் மாமா. "அண்ணன் போவும்போது எனக்குக் குடுத்துட்டுப் போனது."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பக்கத்துக் கரும்புக் குடும்பங்களில் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் வண்டியை முழுசாக விற்றுவிட்டுப் போவது குறைவு. பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்ஜின் மருமகனுக்கு, ரேடியேட்டர் பக்கத்து வீட்டுக்கு, டயர் கோயில் வண்டிக்கு. அந்த வண்டிகள் பிறகு ஓடும்போது, இது ரெட்டி வூட்டு ரேடியேட்டர், இது நாயக்கர் வூட்டு கியர்பாக்ஸ் என்று குடும்பப் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். போனவர்கள் இன்னும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருப்பதுபோல ஒரு சந்தோஷம் அதில். அதனால் அதை யாரும் ரிப்பேர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. 'என்ன மாற்றினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'யார் என்ன கொடுத்தார்கள்' என்று கேளுங்கள், கொட்டும். பட்டறையில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "அப்போ என் அண்ணன் கெட்டுப்போனதைத் தூக்கிக் குடுத்தாரா?"

"இல்ல மாமா. அவர் குடுத்தது நல்ல ஆக்ஸில். உங்க முன் ஆக்ஸிலும் நல்லதுதான். வெளியில எல்லாம் ஒண்ணு, போல்ட்டு ஒண்ணு. உள்ள பல்கணக்குதான் வேற. ரெண்டும் சேந்து இழுக்கும்போது ஒண்ணு முன்னால ஓடப் பாக்குது, இன்னொண்ணு இருன்னு புடிக்குது."

"என் தம்பியும் அவன் பொண்டாட்டியும்," என்றான் செமி. "தனித்தனியா ரெண்டு பேரும் தங்கம்."

மாமி சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

வேகமாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் இழுபறி தீர்ந்துவிடும், ஆனால் மேட்டுச் சேற்றில் பின் சக்கரங்கள் மட்டும் ஏற்றாது. நாலைப் போட்டபடியே கடைசிவரை போனால் சேற்றில் பிரச்சினை இல்லை, சக்கரம் வழுக்கி வழுக்கி வித்தியாசத்தைத் தின்றுவிடும். கெட்டித் தரையில் வழுக்காது. அந்த முறுக்கு ஷாஃப்டுக்குள்ளேயே சுருண்டு நிற்கும், தண்டு இறுகும், மேலும் அழுத்தினால் ஏதோ ஒன்று உடையும். அது பெரும்பாலும் கான்கிரீட் தளத்துக்கு நடுவில், தண்ணீரில் நடக்கும்.

"சேறு முடியிற இடத்துல, தளத்துக்கு முன்னாடியே நின்னு ரெண்டுக்கு வந்துடணும்," என்றேன்.

"ஓடுற தண்ணிக்கு முன்னால போய் நிக்கணுமா? நிக்காமத்தான் தாண்டணும். நான் எத்தினி மழை பாத்திருக்கேன்."

"இந்த ஆக்ஸிலோட எத்தினி மழை பாத்தீங்க?"

அண்ணன் வெளிநாடு போனது போன வறட்சியில், இந்த ஆக்ஸிலுக்கு இதுதான் முதல் மழைக்காலம். அப்படி நான் கேட்டது மரியாதை இல்லைதான், ஆனால் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. பெட்டிகளை ஏற்றினோம். மாமியும் பிள்ளைகளும் பின்பெட்டியில் தார்ப்பாய்க்குக் கீழே, செமி அவர்களோடு கயிறும் மண்வெட்டியுமாக. நான் மாமாவுக்குப் பக்கத்தில்.

மேட்டில் வண்டி நன்றாகவே ஏறியது. சேறு கண்ணாடிவரை தெறித்தது. நாலு சக்கரமும் உறுமிக்கொண்டு மேலே தூக்கின. மாமா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பார், ஓடுகிறதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். உச்சியைத் தாண்டி இறங்கியதும் ஓடை தெரிந்தது. செமி சொன்னதைவிட நிறம் கறுத்திருந்தது. தளத்தின் ஓரக்கற்கள் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன.

"இங்க நிறுத்துங்க மாமா."

அவர் நிறுத்தினார், ஆனால் கொஞ்சம் தள்ளி. மனசு இல்லாமல் பிரேக் போடுகிறவர் எல்லாரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். முன் சக்கரங்கள் இரண்டும் தளத்தில் ஏறிவிட்டன. தண்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சிமெண்டில் நட்டுவைத்ததுபோல் நின்றது.

"இன்னா?"

"இறுகிடுச்சு."

"அப்போ இப்படியே விடு, அடிச்சுத் தாண்டிடறேன்." காலை ஆக்சிலரேட்டரில் வைத்துவிட்டார். வண்டி ஒரு முழம் முன்னால் போய், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் குலுங்கி நின்றது. கீழேயிருந்து உலோகம் முனகும் சத்தம் வந்தது. பின்னால் சின்னவன் அழ ஆரம்பித்தான். முன் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது.

நான் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, பின்னால வாங்க."

"பின்னாலயா? ப்ளேன் முன்னால கீது."

"பின்னால வந்தா முறுக்கு அவுந்துடும். முன்னால போனா இன்னும் சுருட்டிக்கும். இன்னொரு தடவை அழுத்தினீங்கன்னா ஷாஃப்ட் போயிடும். அப்புறம் முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல."

"சேத்துல ஏறி மாட்டிக்கினா?"

"செமி இருக்கான்."

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு மாமி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ரிவர்ஸ் போட்டார். வண்டி மெல்லப் பின்வாங்கியது. நான் தண்டை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தேன். முன் சக்கரங்கள் தளத்திலிருந்து சேற்றுக்கு இறங்கிய கணத்தில், கைக்குள் ஏதோ உயிர் விட்டதுபோல் தண்டு தானாக வந்து விழுந்தது. எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். குதித்து இறங்கி இரண்டு ஹப்பையும் திருகித் திறந்துவிட்டேன். அதுவரை அசைய மறுத்திருக்கக்கூடிய அவை இப்போது விரல் நுனியில் திரும்பின.

பிறகு ஒரு வேலை செய்தேன். உங்களில் பலர் அதை யோசித்திருக்க மாட்டீர்கள். தண்டை மறுபடி நாலில், தாழ்ந்த கியருக்குத் தள்ளினேன்.

"டேய், மறுபடியும் நாலா?" என்று மாமா கத்தினார்.

"ஹப்பு திறந்து கீது மாமா. முன் ஷாஃப்ட் சும்மா சுத்தும், சக்கரம் வராது. இழுக்கிறது பின்னாடி மட்டும்தான். ஆனா நாலுல போட்டாத்தான் தாழ்ந்த கியரு கிடைக்கும், பாறைக்கு அது வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். தெரிந்துதான் பேசுகிறேனா, பயத்தில் உளறுகிறேனா என்று அளந்தார். நிஜமாகவே எனக்குத் தெரிந்த விஷயம் அது, ஆனால் அதுவரை காகிதத்தில்தான் தெரியும். செமி இறங்கித் தளத்தின் மேல்விளிம்பு ஓரமாக, கழியால் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தான். அவன் தொடைவரை தண்ணீர். மாமா அவன் முதுகையே பார்த்து ஓட்டினார். வண்டி குலுங்கவில்லை, முனகவில்லை. தண்ணீர் கதவின் அடியில் வந்து தட்டியது. அந்தக் கரையில் சக்கரம் ஏறியபோது நான் மூச்சு விட்டேன், ஆனால் பாறை ஏற்றம் இன்னும் மிச்சம்.

ஏற்றத்தின் நடுவில் பின் சக்கரம் சுழன்றது. பாறை ஈரத்தில் எண்ணெய் பூசியதுபோல் இருந்தது. பின்பெட்டியில் முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களை, கடைசிக்கு நகர்ந்து ஆக்ஸிலுக்கு மேலே உட்காரச் சொன்னேன். கமலா மாமி இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, பெட்டிகளைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். செமியும் ஏறிக்கொண்டான்.

"நான் குண்டா இருக்கிறதுக்கு இன்னிக்குத்தான் மரியாதை," என்றாள்.

அந்தப் பாரத்தில் சக்கரம் பாறையைக் கவ்வியது. அண்ணன் வூட்டு ஆக்ஸில்தான் எல்லாரையும் தனியாக மேலே இழுத்துக்கொண்டு போனது. மாமா அதைக் கவனித்தார் என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

தார் ரோட்டில், போனில் சொல்லியிருந்தபடி, மாமியின் தம்பி டாக்ஸியோடு காத்திருந்தார். பெட்டிகளை மாற்றினோம். டாக்ஸியில் மாமாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் ஆளில்லாத வீடு மறுநாள் முழுசாக இருக்காது. தோட்டத்தில் வெட்டாத கரும்பு நின்றது. கரும்பை வெட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று தனக்கு விசா கேட்டு அவர் எழுதிப்போடவே இல்லை.

"ப்ளேன் ஏறினதும் போன் போடு," என்றார்.

"ப்ளேன்ல ஏறிட்டா போன் போட முடியாது," என்றாள் மாமி.

"அப்போ ஏறும் முன்னாடி."

"சாப்பாடு ரெண்டு நாளைக்கு ஐஸ்பெட்டியில வெச்சிருக்கேன். அப்புறம் செமி வூட்டுல சாப்பிடு. தனியா உக்காந்து யங்கோனா குடிக்காத."

பிள்ளைகள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். சின்னவன் சேற்றோடு எழுந்தான். மாமா அவன் முட்டியைத் துடைத்துவிட்டார். டாக்ஸி வளைவில் மறைந்தது. அவர்கள் விமானத்தைப் பிடித்தார்கள் என்பது அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நாங்கள் மூவரும் திரும்ப வேண்டும். ஓடை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கும்போது பாறை ஏறும்போதைவிட மோசம். பின்பெட்டி காலி. பாரம் இல்லாத பின் சக்கரம் ஈரப் பாறையில் பிடிக்காது, வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

"மாமா, பின்னால பாரம் வேணும்," என்றேன்.

அவர் ரோட்டோரம் பார்த்தார். சாலை போட்டவர்கள் விட்டுப்போன கற்கள் குவிந்து கிடந்தன. போய்ப் பெரிய கல் ஒன்றைத் தூக்கி வந்தார். மாமி உட்கார்ந்திருந்த மூலையில் மெதுவாக வைத்தார். அடுத்த இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்தார். நானும் செமியும் சேர்ந்துகொண்டோம்.

"இதுங்களுக்கு விசா வேணாமா, தவாலே?" என்றான் செமி.

அன்று முதல்முறையாக மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தார்ப்பாயை இழுத்துக் கற்களின் மேல் கட்டினார்.

"நீயே சொல்லு," என்றார் என்னிடம். "எங்க ரெண்டு, எங்க நாலு?"

"பாறையில ஹப்பு திறந்து. தளத்துலயும் திறந்தே. தண்ணிய விட்டு நாலு சக்கரமும் சேத்துல இறங்கினப்புறம்தான் பூட்டணும்."

"தளத்துக்கு முன்னாடி நிறுத்தணுமா?"

"நிறுத்தி, தண்ணியப் பாத்துட்டு."

ஹப்புகள் திறந்திருக்கின்றனவா என்று அவரே இறங்கிப்போய் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, தாழ்ந்த கியரைப் போட்டு, மூக்கைச் சரிவுக்குத் திருப்பினார்.